நூல் கடிக்கும் பல், ஓதும் பல்

இந்த மாதம் நியமனக் கடிதத்தோடு நம் கரையோர ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்திருக்கும் பல் வைத்தியர்களே, உங்களில் எவருக்கும் இன்னும் பதினெட்டு வயதில் பிள்ளை இருக்காது. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு இப்போது தேவைப்படாது. மற்றப் பாதி நாளைக் காலையே தேவைப்படலாம்.

நான் போன வருடம்தான் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர்கள் தாம் காப்பாற்றிய பற்களைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதவிருப்பது இந்த வருட நோன்புக்கு முன்னால் என் மகனின் முன்பல்லில் நான் செய்த வேலையைப் பற்றி. எழுத்து கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் மருதமுனையில் கைத்தறி நெய்யும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் மகனின் கதை விளங்காது.

இயற்கைப் பல்லைப் போலவே அடைப்பை உருவாக்கும் முறையை ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு நான் ஊர் திரும்பியிருந்த காலம் அது. உங்களுக்கு இது பாடத்திலேயே வந்திருக்கும். எங்களுக்கு வரவில்லை. நாங்கள் படித்தபோது பழுதானதை வெட்டி, நல்லதிலும் கொஞ்சம் வெட்டி, கடினமான ஒன்றை வைத்து மூடுவதுதான் வேலை. பல் ஒரே பொருளால் ஆனதல்ல என்பது அந்தப் பயிற்சியில்தான் எனக்கு உறைத்தது. வெளியே இருக்கும் எனாமல் சிரட்டையைப் போலக் கடினம். உள்ளே இருக்கும் டென்டின் சற்று வளைந்து கொடுக்கும். இரண்டும் ஒட்டி நிற்பதால்தான் ஒரு மனிதர் அறுபது வருடம் நண்டுக் காலைக் கடித்தும் பல் உடையாமல் இருக்கிறது. நாம் வைக்கும் பொருளும் அப்படியே, உள்ளே ஒரு விதம் வெளியே ஒரு விதம் என்று அடுக்கடுக்காக, இருக்கிற பல்லை வீணாக வெட்டாமல் அதோடு ஒட்டிப்போக வேண்டும். பார்வைக்கு மட்டுமல்ல, வேலைக்கும் பல்லாக இருக்க வேண்டும். இதைக் கேட்டு வந்த புதிதில் எனக்கு எந்த வாயைப் பார்த்தாலும் கை துறுதுறுத்தது.

அந்தப் பெண் கடைவாய்ப் பல் வலிக்கு வந்தார். நான் பார்த்தது அவருடைய மேல் முன்பல்லை. நுனியில் நெல்மணி படுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். வலியைத் தீர்த்த கையோடு, கேட்காமலே அந்தப் பள்ளத்தையும் நிரப்பிவிட்டேன். கண்ணாடியைக் கொடுத்தேன். வெட்கத்தோடு சிரித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார்.

"டொக்டர், கோவிக்காதீங்க. பல்லு வடிவாத்தான் இரிக்கி. நூல்தான் நழுவுது."

"என்ன நூல்?"

"தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக் கடிச்சு விடுவன். இருவது வருசமா அந்தப் பள்ளத்துக்குள்ளதான் நூல் போய் நிக்கும். இப்ப வழுக்குது."

"கத்தரிக்கோல் இல்லையா?"

"இரிக்கி. அத எடுக்கப் போனா கை நிக்கும். கை நிண்டா கணக்குப் போயிரும். நீங்க வாய்க்குள்ள ஊசி ஏத்தக்குள்ள ஒராள் வந்து, டொக்டர் அந்த அலுமாரியில கத்தரிக்கோல எடுங்க எண்டா என்ன செய்வீங்க?"

பக்கத்தில் நின்ற நேர்ஸ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பல்லால் நூல் கடிக்கக் கூடாது என்பதைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "ஓம், ஓம், சரிதான்" என்றார். விளக்கம் முடிந்ததும் கேட்டார்:

"அந்தப் பள்ளத்தத் திருப்பித் தருவீங்களா?"

கடைசியில் நான் வைத்த பொருளிலேயே மெல்லிய தடம் ஒன்று போட்டேன். அதன் அடியில் அவருடைய சொந்தப் பல் மூடியிருந்தது. இனி நூல் தேய்க்கப்போவது என் வேலையை, அவருடைய பல்லை அல்ல. தேய்ந்தால் வந்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். நான் ஓய்வு பெறும்வரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டுதான் இருந்தார். தேய வேண்டியது நாம் வைத்தது, தேயக்கூடாதது அவர்களுடையது என்பதை நான் எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு தெளிவாகக் கற்கவில்லை.

அதற்குப் பிறகு முன்பல்லில் கைவைக்கும் முன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "வாயால் என்ன வேலை செய்கிறீர்கள்? செய்து காட்டுங்கள்." பாலமுனையில் வலை பொத்தும் ஒருவர் தங்கூசி நூலைக் கடித்துக் காட்டினார். காரைதீவிலிருந்து வந்த ஒரு நாதஸ்வரக்காரர் வாத்தியத்தையே கொண்டுவந்து கதிரையில் இருந்தபடி ஊதினார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் யாருக்குக் கலியாணம் என்று நேர்ஸிடம் கேட்டார்கள்.

என்னோடு வேலை பழகிய இளம் வைத்தியர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வியைக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர் ரிஸ்லா. நான்கு வருடம் என் பக்கத்துக் கதிரையில் வேலை செய்தவர். இப்போது பகலில் ஆஸ்பத்திரி, பின்னேரத்தில் கல்முனையில் தனக்கென்று ஒரு சிறிய பல் கிளினிக்.

இனி மகன்.

அஸீம் எங்களுக்கு ஒரே பிள்ளை. பதினைந்து வயதில் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிழ் ஆனவன். எங்கள் தெருவிலுள்ள சிறிய பள்ளிவாசலில் இந்த வருட நோன்பின் முதல் பத்து நாளும் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையை அவனே நடத்த வேண்டும் என்று அவனுக்குக் கற்பித்த ஹஸரத் சொல்லியிருந்தார். அவனுக்கு அது முதல் தடவை. நோன்புக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குள் நடந்தபடி ஓதிக்கொண்டே இருப்பான். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போதே அவன் குரல் எந்த அறையில் இருக்கிறது என்று தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் கிரிக்கெட் விளையாடப் போனான். ஒரே பந்தைப் பிடிக்க இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள். மற்றவனின் நெற்றி இவன் வாயில் இடித்துவிட்டது. மேல் முன்பல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு சரிவாக உடைந்து போயிருந்தது. கீழுதடு கிழிந்து, சொண்டு முழுவதும் வீங்கியிருந்தது.

கூட வந்த அவனுடைய கூட்டாளியிடம் முதலில் கேட்டது அந்தத் துண்டு எங்கே என்பதைத்தான். எத்தனை பெற்றோரிடம் கேட்டிருப்பேன். உடைந்த துண்டு கிடைத்தால் அதுவே ஆகச் சிறந்த பொருள், பாலிலோ செவ்விளநீரிலோ போட்டுக் காயாமல் கொண்டுவாருங்கள் என்று எத்தனை பாடசாலைகளில் பேசியிருப்பேன்.

"மணலுக்க போயிட்டு மாமி. தேடினோம், கிடைக்கல்ல."

எங்கள் கடற்கரை மணலில் ஒரு பல் துண்டைத் தேட முடியுமா? நானும் அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொண்டுக்கு இரண்டு தையல் போட்டார்கள். அங்கிருந்து நேரே ரிஸ்லாவின் கிளினிக்குக்குப் போனோம். அவனுடைய வாப்பா வேளாண்மை வெட்டுக்காக இறக்காமத்தில் நின்றார். அறுவடை நேரம் யானை இறங்கும் என்பதால் வயலை விட்டு வர முடியாது. போனும் எடுபடவில்லை. நான் தனியாக இருந்தேன். தனியாக இருந்ததால்தான் அவசரப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். அது உண்மையில்லை. அவர் பக்கத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"நான் செய்யட்டா மெடம்?" என்று ரிஸ்லா கேட்டார்.

"வேணாம். நானே செய்றன்."

பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். வேர் நன்றாக இருந்தது, நரம்பு திறபடவில்லை. பிறகு ரிஸ்லா மெதுவாகக் கேட்டார்:

"மெடம், சொண்டுக்கும் ஒரு படம் எடுத்துப் பாப்பமா?"

"சொண்டுக்கு என்னத்துக்கு? துண்டு கடக்கரையில கிடக்கு."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. நான் அவருடைய பழைய மேலதிகாரி. இருப்பது அவருடைய கிளினிக் என்றாலும், அன்று அந்த அறையில் யார் பெரியவர் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களைப் போன்றவர்களிடம் ஒன்றைச் சொல்லி, நாங்கள் அதைத் தட்டிவிட்டால், மரியாதையாகவே இன்னொரு முறை சொல்லுங்கள். முதல் முறை சொன்னதை நாங்கள் காதால் மட்டும்தான் கேட்டிருப்போம்.

வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அன்று உடைந்த இடத்தை மெல்லிய பூச்சால் மூடி, வீக்கம் வற்றட்டும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். அவனை அந்த வாயோடு வீட்டுக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. இணைப்புக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக, உடைந்த விளிம்பின் முன்பக்கத்தைச் சரிவாகச் சீவினேன். அதிகமில்லை, ஒரு மில்லிமீற்றர் இருக்கும். நல்ல எனாமல். அதன் மேல் டென்டினுக்கு ஒரு நிறம், எனாமலுக்கு ஒரு நிறம், நுனிக்குக் கண்ணாடி போல ஒன்று என்று அடுக்கினேன். என் வாழ்நாளில் செய்த மிக அழகான வேலை அது.

"எது தம்பிட பல்லு, எது நீங்க வெச்சது எண்டு எனக்கே தெரியா மெடம்" என்றார் ரிஸ்லா. அவர் முகஸ்துதி செய்பவர் அல்ல.

கடி எங்கே படுகிறது என்று காட்டும் நிறத்தாளை வைத்துக் கடித்துப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது. வாயால் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. என் மகன்தானே, எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தாலும் பயனில்லை. தையல் போட்ட சொண்டு இன்னும் மரத்துப் போயிருந்தது. மரத்த வாயை வைத்து எதைச் சோதிப்பது? அதுவே அன்று அந்த வேலையைச் செய்யாதிருக்கப் போதுமான காரணம்.

ஐந்தாம் நாள் தையலை வெட்டினார்கள். அதற்குப் பிறகும் வீட்டில் குரல் கேட்கவில்லை. ஓதலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கேட்டேன்.

"உம்மா, ஃபா வருகுதில்ல."

அந்த அரபு எழுத்து மேல் முன்பற்களின் நுனி கீழ்ச்சொண்டின் உட்புறத்தைத் தொட்டு வருவது. நாம் சாதாரணமாகக் கதைக்கும்போது அது கொஞ்சம் பிசகினாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓதலில் ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்திலிருந்து பிறக்க வேண்டும். அதற்காகவே அவன் வருடக்கணக்கில் ஹஸரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவன்.

"எப்பிடி வருகுதில்ல?"

"காத்து பக்கத்தால போகுது. சொண்டுக்குள்ள மணல் மாதிரி என்னமோ இரிக்கி. பல்லு அதுல தட்டுது."

"அது தையல் மகன்."

"தையல் வெட்டியாச்சே உம்மா."

"தழும்பு. ஆறிடும்."

இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. நோயாளி எங்கே, எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டான். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நான் கேட்டது 'பல்லு தட்டுது' என்பதை மட்டும்தான். பல்லை நீளமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ரிஸ்லாவின் கதிரையில் அவனை உட்காரவைத்து நுனியைக் கொஞ்சம் சீவினேன். சரிவரவில்லை. குட்டையாகிவிட்டது என்று மறுபடி வைத்தேன். அதற்கு அடுத்த முறை பின்பக்கம் தடிப்பு என்று தேய்த்தேன். அவன் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து காட்டினான். சொந்த வேலையில் குறை தேடுவது பணிவு என்று அப்போது எண்ணிக்கொண்டிருந்தேன். நான் செய்ததில் மட்டுமே தேடினேன், அவன் சொன்னதில் தேடவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

பதினோராம் நாள் பகல் சாப்பாட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"ஹஸரத்கிட்டச் சொல்லிட்டன். வேற ஆளப் பாக்கச் சொல்லி."

"என்ன சொன்னார்?"

"ரெண்டு மூணு நாள் பாப்பம் எண்டார். நீங்க யோசிக்காதீங்க உம்மா. அடுத்த வருசமும் நோன்பு வருந்தானே."

அவன் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறான் என்பது தெரிந்ததும் எனக்குக் கட்டுப்பாடு போய்விட்டது. மறுநாள் பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

"எல்லாத்தையும் கழட்டுவம்" என்று ரிஸ்லாவிடம் சொன்னேன். "சுத்திவரச் சீவிட்டு முழு மூடி போடுவம். அளவெடுத்து ஒரே தரமாச் செய்தா இந்தப் பிரச்சினை வராது."

"மெடம், தம்பிக்குப் பதினெட்டு வயசு."

"தெரியும்."

"இந்த வயசுல நரம்பு பெரிசு. சுத்திவரச் சீவினா நரம்பே செத்து..."

"தெரியும் ரிஸ்லா. நான்தான் உங்களுக்குச் சொல்லித் தந்த."

ரிஸ்லா கொக்கியிலிருந்து துளையிடும் கருவியை எடுத்தார். என்னிடம் தருவார் என்று கையை நீட்டினேன். அவர் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மெடம். பேஷன்ட்ட நான் பாக்கிறன்."

"நான் ஏன் வெளிய போக?"

"'சொந்தக்காரர் வெளியே இருக்கவும்' எண்டு எங்கட வாட்டுக் கதவுல ஒட்டி இரிக்கி. நீங்கதான் எழுதி ஒட்டின."

அஸீம் கதிரையில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று கன்னத்தில் தெரிந்தது. பன்னிரண்டு நாளில் அவன் சிரிக்கப் பார்த்தது அப்போதுதான். நான் வெளியே போனேன்.

வெளியே வாங்குப் பலகையில் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு தாய் கைக்குழந்தையோடு இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட மகனா ராத்தா? ஒண்டுமில்ல, பல்லுத்தானே" என்றார். அந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். கேட்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். நீங்கள் சொல்லாதீர்கள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

"தம்பி, வாயால என்ன வேல செய்யணும்?"

"உங்களுக்குத் தெரியும்தானே ராத்தா."

"எனக்குத் தெரியா. செஞ்சு காட்டுங்க."

அவன் மெதுவாக ஓதத் தொடங்கினான். ஓரிடத்தில் நின்றான். மறுபடி தொடங்கி அதே இடத்தில் நின்றான்.

"எங்க தட்டுது? பல்ல விடுங்க, சொண்டக் காட்டுங்க. என்ட விரல இங்க வெக்கிறன். இப்ப அந்த எழுத்தச் சொல்லுங்க. இன்னொருக்கா." பிறகு ரிஸ்லா கூப்பிட்டார்: "மெடம், உள்ள வாங்க."

எக்ஸ்ரே படலத்தைச் சொண்டுக்கும் பல்லுக்கும் இடையில் வைத்து ஒரு படம் எடுத்தோம். திரையில் சொண்டின் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு முக்கோணம் தெரிந்தது. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பன்னிரண்டு நாளாக அதே வடிவத்தைத்தான் நான் அடுக்கிக்கொண்டும் சீவிக்கொண்டும் இருந்தேன்.

ரிஸ்லா சொண்டின் உட்புறத்தில் சிறிதாகக் கீறி அதை எடுத்தார். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆயுதங்கள் எதையும் தொடவில்லை. குறுணல் அரிசி போல ஒரு துண்டு. கழுவியதும் அதன் நிறம் உயிரோடு இருந்தது. மணலில் விழுந்திருந்தால் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சொண்டு அதை ஈரமாக வைத்திருந்தது. பிறகு அவனுடைய கூட்டாளியிடம் கேட்டேன், துண்டு மணலில் விழுந்ததைக் கண்டாயா என்று. "காணல்ல மாமி. விழுந்திரிக்கும் எண்டு நினைச்சம்" என்றான். அவனில் தவறில்லை. அவன் பல் வைத்தியன் இல்லையே.

"இப்பவே ஒட்டுவம்" என்றேன்.

"ரத்தம் வருது மெடம். ஈரத்துல ஒட்டினா நிக்காது. சொண்டு ஆறட்டும். நாலு நாள்."

"நோன்புக்கு ஒம்பது நாள்தான் இரிக்கி."

"நாலு போனா அஞ்சு இரிக்கும்."

துண்டை உப்புநீர்க் குப்பியில் போட்டுத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "உங்கட வீட்டுக்குத் தர மாட்டன். நீங்க ஒரு நாளைக்கு மூணு தரம் திறந்து பாப்பீங்க."

"நாலு தரம்" என்றான் அஸீம், பஞ்சைக் கடித்துக்கொண்டே.

நான்காம் நாள் போனோம். ரிஸ்லா என் அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எனக்கு அதில் வருத்தமில்லை. பிறகு துண்டை எடுத்து உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். பின்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. முன்பக்கம் உட்காரவில்லை. இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே, ஒரு நூல் படுக்கும் அளவுக்கு, சரிவான இடைவெளி.

ரிஸ்லா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் சீவினது" என்றேன்.

"ஓம் மெடம்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எச்சில் படாதபடி ரப்பர் விரிப்பால் மற்றப் பற்களை மறைத்து, துண்டை ஒட்டி, அந்த இடைவெளியை மட்டும் மெல்லிய அடுக்குகளால் நிரப்பினார். நிறம் பொருந்திய பிறகும் ஒரு கோடு தெரிந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை. மறைப்பதென்றால் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும்.

நிறத்தாள் வைத்துக் கடிக்கச் சொன்னார். சரி. இந்த முறை ஊசி போடவில்லை, சொண்டு மரக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கதிரையை நிமிர்த்தினார்.

"இப்ப ஓதிக் காட்டுங்க தம்பி."

அஸீம் என்னைப் பார்த்தான்.

"உம்மா, சொந்தக்காரர் வெளியில."

நான் வெளியே போய் இந்த முறை கதவை நன்றாகச் சாத்தினேன். வாங்கில் யாரும் இல்லை. தெருவில் ஒரு முச்சக்கரவண்டி போய் முடிந்ததும் அவன் குரல் கேட்டது. முதலில் தணிவாக, தரையைக் காலால் தொட்டுப் பார்த்து நடப்பவனைப் போல ஓதினான். எத்தனை வருடம் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், எழுத்தெழுத்தாகக் கேட்டது அன்றுதான். அந்த எழுத்து வரும் இடத்துக்காக நான் காத்திருந்தேன். அது வந்ததே தெரியவில்லை. அடுத்த எழுத்துக்கும் அதற்கடுத்ததற்கும் அவன் போய்விட்டிருந்தான். சரியாக வரும் எழுத்து அப்படித்தான் கடந்து போகும், நன்றாகச் செய்த பல்லைப் போல.

"இன்னொருக்கா" என்றார் ரிஸ்லா உள்ளே.

அவன் நிறுத்தாமல் ஓதிக்கொண்டே போனான். நான் கதவைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

அவன் அந்தப் பத்து நாளும் தொழுகை நடத்தினான். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி சொல்லி முடிந்தது. உடைந்த பல்லோடு ஒருவர் வந்து துண்டு மணலில் விழுந்தது என்றால், விழுந்ததைக் கண்டது யார் என்று கேளுங்கள். சொண்டு கிழிந்திருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், படம் எடுங்கள். நாளைக்குத் திருப்பி வைக்க முடியாத எதையும் இன்றைய பதற்றத்தில் வெட்டாதீர்கள். உங்கள் பிள்ளை அந்தக் கதிரையில் இருக்கும் நாள் வந்தால், கருவியை உங்கள் கைக்குத் தராமல் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒருவரை இப்போதே பழக்கி வையுங்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. ரிஸ்லா இன்னொரு முறை பேசாமல் விட்டிருந்தால் அன்று மாலை நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

நோன்பு தொடங்கிய பின் ஒரு பகலில் அவன் கண்ணாடியின் முன்னால் நின்றான்.

"உம்மா, வெளிச்சத்துல கோடு தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியுது மகன்."

"பரவாயில்ல. ஹஸரத்துக்குக் கண் மங்கல். காதுதான் கூர்."

பெருநாளன்று அவனுடைய வாப்பா எங்களை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். அஸீம் வாய்விட்டுச் சிரித்திருக்கிறான். படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் கோடு தெரியும். கோட்டுக்கு மேலே இருப்பது அவனுடைய பல். கீழே இருப்பதும் அவனுடைய பல். நடுவில் அந்த நூலளவு இடம் மட்டும் நான் வெட்டியது.